செயலாளர் ஆண்டறிக்கை: மறதிநோயாளர் வீடுகளில் சாடித்தோட்டம்

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, வீடுகளில் மறதிநோயாளரைப் பராமரிப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

சந்தா, வரவு செலவெல்லாம் பொருளாளரின் அறிக்கையில் வரும். நான் சாடிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இவ்வாண்டு பட்டுப்போன செடிகள் தண்ணீர் இல்லாமல் பட்டவை அல்ல, கூடிப்போய்ப் பட்டவை. காலையில் ஊற்றியது மறதிநோயாளருக்கு நினைவிராது. சாடியைக் கண்டால் கை கோப்பையைத் தேடும். கற்பூரவள்ளி இதைத் தாங்காது; தண்டின் அடி கறுத்து, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்துவிடும். “இப்பத்தானே அம்மா ஊத்தினீங்கள்” என்று மறித்தால் கோபம்தான் மிச்சம். ஆகவே மறிப்பதை விட்டு, தண்ணீர் கேட்கிற செடியையே கொடுக்கிறோம்: வல்லாரை.

30 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழமுள்ள வெள்ளை பிளாஸ்டிக் பேசின் போதும். வெள்ளையில் பச்சை எடுப்பாகத் தெரியும். கறுப்புச் சாடியில் மண் எது, விளிம்பு எது என்று அவர்கள் தடுமாறுவர். துளையை அடியில் போடாமல், பக்கத்தில் 3 செ.மீ. உயரத்தில் இரண்டு போடுங்கள். கீழே கொஞ்ச ஈரம் நிற்கும், மிஞ்சியது வெளியேறும். மண் 2 பங்கு, கொம்போஸ்ட் 1 பங்கு, தும்புத்தூள் 1 பங்கு. தும்புத்தூளை இரண்டு தரம் அலசிப் பிழியாவிட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். கணுவில் வேர்விட்ட கொடித்துண்டுகள் 6, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு சாண் விடாமல் அரைச் சாண் விட்டு நடலாம். காலை வெயில் படும் யன்னலோரம் நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மண் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அப்போது அவர்கள் அடிக்கடி ஊற்றுவது உதவிதான்.

வல்லாரை மறதியை மாற்றும் என்று நம்பி மருந்தை நிறுத்தவேண்டாம். சம்பலுக்கு ஆகும், அவ்வளவே.

கீழ்த்தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே ஊற்றிவிடுங்கள், அல்லது தட்டில் மணல் நிரப்புங்கள். டெங்கு நுளம்புக்கு அந்தளவு தண்ணீரே போதும்.

வேலை சொல்லும்போது ஒரு நேரத்தில் ஒன்று. “கொடியை எடுங்கோ.” எடுத்த பிறகு, “இதில வையுங்கோ.” “இது என்ன செடி?” என்று சோதிக்கவேண்டாம்; இலையைக் கசக்கிக் கையில் கொடுங்கள். தம்பலகாமத்தில் வயல் செய்தவருக்குப் பெயர் வராது, நாற்று ஊன்றும் விரல் வரும். பின்னேரம் 4 மணியளவில், பொழுதுபடும்போது அவர்களுக்கு வரும் அமைதியின்மை தொடங்குமுன் 20 நிமிடம் போதும். அவர் எழுந்துவிட்டால் இழுத்து இருத்தாதீர்கள்.

எதையும் வாயில் போடும் நிலை வந்தால் மணிபிளாண்ட், டிபென்பாக்கியா வீட்டுக்குள் வேண்டாம். பின்னதன் சாறு நாக்கை வீங்கச் செய்யும். பூசைக்குப் பறித்த அலரிப்பூவையும் எட்டாத இடத்தில் வையுங்கள், அது நஞ்சு. யூரியாவைப் பால்மா டின்னில் போட்டுவைக்கும் வழக்கத்தை இன்றே விடுங்கள். அது சீனியைப்போலவே இருக்கும்.

மாரி தொடங்கியதும் கொடித்துண்டு பகிர்வோம். பேசின் நிறைந்த வீட்டார் ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவரவும்.

செயலாளர்,
திருக்கோணமலை.