வாடகையை மட்டும் வைத்து வால்பாறை மலிவு என்பதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையைத்தான். அது குறைந்தால் குடும்பச் செலவும் குறையும் என்று நம்பிவிடுகிறார்கள். எஸ்டேட் தொழிலாளிக்குச் சட்டப்படி நிர்வாகம் வீடு தர வேண்டும். டவுனில் குடியிருப்பவர் கணக்கு வேறு.

சோப்பு, மாத்திரை, பாக்கெட் எண்ணெய்க்கு எங்கும் அச்சிட்ட விலைதான்; ரேஷனும் அப்படியே. விலை அச்சிடாத சரக்கில்தான் வித்தியாசம். தக்காளி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறது. வண்டி வாடகை, இறக்குகூலி போக, பெட்டியின் அடியில் நசுங்கிய பழத்தையும் கழித்துத்தான் கடைக்காரர் கிலோவுக்கு விலை வைக்க முடியும்.

அரிசியை யாரும் யோசிப்பதில்லை. 2022 ஜூலை முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. பொள்ளாச்சிக்காரர் மூட்டையாக வாங்கி வைப்பார். வால்பாறையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் விடாது. மூட்டையைப் பிரித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். 5 கிலோ பையாக வரியோடு வாங்க வேண்டியதுதான்.

‘மலையில் ஃபேன் வேண்டாம், கரண்ட் மிச்சம்’ என்பதும் சரியல்ல. 15 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் ஆகும். நான்கு பேர் தினமும் குளித்தால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட். இலவச 100 யூனிட் அதிலேயே தீர்ந்துவிடும். கீழே பொள்ளாச்சியில் 75 வாட் ஃபேன் இரண்டு, தினம் பத்து மணி நேரம் ஓடினாலும் 90 யூனிட்தான். ஏ.சி. வைத்திருப்பவருக்கு மட்டும் சித்திரை, வைகாசியில் கணக்குத் தலைகீழாகும்.

இத்தனைக்கும் மேல் மருத்துவச் செலவு. சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பொள்ளாச்சிக்கு இறங்கினால் போக வர சுமார் 130 கி.மீ. துணைக்கு ஒருவர் வந்தால் அவருடைய அன்றைய கூலியும் போகும். கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீடு இதை மாதச் செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

தாங்கள் வெளியிடும் காய்கறி விலைப் பட்டியலில் பொள்ளாச்சி உழவர் சந்தை விலைக்குப் பக்கத்தில் வால்பாறைச் சில்லறை விலையையும் வாரம் ஒருமுறை போட வேண்டுகிறேன். தக்காளி, சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை இந்த நான்கும் இருந்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
வாசகர், வால்பாறை