தம்பிக்கு, உவேனோவில் பார்த்த அந்தப் பையனைப் பற்றி

தம்பி,

அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு அட்டை அடிக்கக் கொடுத்துவிட்டேன். உன் பெயர் அதில் இருக்கிறது. போன வருஷம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அது இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். யார் பேச்சைக் கேட்டுச் செய்தேன் என்று இங்கே எழுத முடியாது, ஊர்க்காரர்களும் படிக்கிறார்கள். ப்ரூஃப் பார்த்து "சரி, அடிங்க" என்று சொன்னது நான். அதை மட்டும் எழுதுகிறேன்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே 2016க்குப் போய்விடுவோம். அதனால்தான் கடிதம்.

அந்த ஜூன் மாதம் டோக்கியோவில் பேச ஒன்றும் இல்லாமல் என்னை உவேனோ மியூசியத்துக்குக் கூட்டிப்போனாய். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து ரோமுக்குப் போன பையன் மான்சியோவின் படம் 54 சென்டிமீட்டர் உயரம்தான், நம் வீட்டுத் திருக்குடும்பப் படத்தைவிடச் சின்னது. ஸ்பானிய உடுப்பு, தலையில் தொப்பி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாய் வெள்ளைப் பட்டி. அதற்கு மேலே மீசைகூடச் சரியாக முளைக்காத ஜப்பானியப் பையன் முகம். நீ ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "அக்கா, இவனுக்குக் கழுத்து அரிச்சிருக்கும்லா?"

எனக்குச் சுரீர் என்றது. குருமடத்துக்குப் புறப்பட்ட காலையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானை உனக்குப் போட்டுவிட்டது நான். இறுக்குது என்றாய். "ஃபாதர் பாப்பாரு, சும்மா இரு" என்றேன். உனக்குப் பதிமூன்று வயசு. காலருக்கு மேலே தொண்டை ஏறி இறங்கியது. நீ அழவில்லை, அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மியூசியத்தில் நீ என்னைக் குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்து, வாசலில் நின்று அத்தனை பேர் பார்க்கக் கத்தினேன். படத்தைப் பற்றித்தான் சொன்னாயோ என்னவோ. மன்னித்துக்கொள்.

ஆனால் நானும் என்ன செய்திருக்க முடியும்? அப்பா கடன் வைத்துவிட்டுப் போயிருந்தார். நீ நன்றாகப் படித்தாய், அங்கே போனால் படிப்பாவது நிற்காது. இன்னொன்றும் உண்டு, இதுவரை சொன்னதில்லை: என் கல்யாணப் பேச்சில் "தம்பி சாமியாருக்குப் படிக்கிறான்" என்பதற்கு மதிப்பு இருந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது.

அம்மா போன பிறகு மான்சியோவையும் அவனோடு போன பையன்களையும் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1582 பிப்ரவரியில் நாகசாகியில் நான்கு பேரை ரோமுக்குக் கப்பல் ஏற்றியவர் இயேசு சபைப் பாதிரியார் வலிஞ்ஞானோ. நாலு பேருக்கும் ஏறக்குறைய உன் வயசுதான். வழியில் நம் முத்துக்குளித்துறைக் கரையில் இறங்கித்தான் கொச்சிக்குப் போயிருக்கிறார்கள் தெரியுமா! ரோமில் போப்பைப் பார்த்துவிட்டு, 1585இல் வெனிஸ் வந்தபோது, செனட் சபை இவர்களை வரையும் வேலையை யாக்கொப்போ தின்தொரேத்தோவிடம் கொடுத்தது. நாம் பார்த்தது அவர் மகன் தொமெனிக்கோ வரைந்தது. பின்பக்கம் மான்சியோ பெயர் எழுதியிருக்கிறது. அதை வைத்துத்தான் யார் என்று கண்டுபிடித்து 2014இல் வெளியே சொன்னார்கள்.

1590இல் திரும்பி வந்தபோது, பாதிரியார்கள் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி போட்ட உத்தரவு வந்து மூன்று வருஷம். மான்சியோ குருவாகி 1612இல் நாகசாகியில் இறந்தான். மார்த்தினோ மக்காவோவில் இறந்தான். ஜூலியானை 1633இல் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொன்றார்கள், 2008இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்கள். நாலாவது ஆள் மிகுவேல், இயேசு சபையை விட்டு வெளியே வந்தவன். விசுவாசத்தை மறுதலித்தவன் என்ற பெயர் நானூறு வருஷம் அவனோடு ஒட்டிக்கொண்டது. 1586இல் ஆக்ஸ்பர்க்கில் அச்சான ஒரு தாளில் நான்கு பேரும் இருக்கிறார்கள். அதில் அவனைத் தேடிப் பிடித்து நெடுநேரம் பார்த்தேன்.

இசஹாயாவில் அவன் கல்லறை என்று நம்பும் இடத்தை 2017இல் தோண்டினார்கள். சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் கிடைத்தன. செபமாலை மணிகளாக இருக்கலாம் என்கிறார்கள். அதைப் படித்த ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டேன். உன் பெயரில்லாத போஸ்டர் சுருட்டி பீரோ மேல்தான் கிடந்தது. இறக்கிக் கிழித்தேன்.

அதற்காக உன் மேல் கோபமில்லை என்று நினைக்காதே. குருமடத்தை விட்டு வந்ததைப் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மா அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? அவள் மூன்று மாசம் படுக்கையில் கிடந்தபோது உன் தலையணையைத்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். பணம் அனுப்பினாய், சரி. பணத்தையா கேட்டாள்?

டிக்கெட் போட்டதும் தேதி சொல், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். பூசைக்கு எந்தச் சட்டை போட்டாலும் சரி. வீட்டுக்கு வந்த பிறகு, அந்த மூன்று மாசம் ஏன் வரவில்லை என்று கட்டாயம் கேட்பேன். பதிலை யோசித்துக்கொண்டு வா.

அக்கா