ஜெசி, அந்த நாடகம் வேண்டாம்

தாராவி, மும்பை

அன்புள்ள ஜெசி,

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முட்டுவலி தேவலையா? மற்ற ஊர்க்கதையெல்லாம் மே மாசம் நேரில். இப்போது எழுதுவது நீ போனில் சொன்ன அந்த ஒரு விஷயத்துக்காக. சாதி ஒதுக்கல் எப்படி வலிக்கும் என்று காட்ட வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தனி டம்ளர், கடைசி பெஞ்சு என்று ஒரு நாள் முழுக்க நடத்தப் போகிறாயாமே. ஏட்டி, வேண்டாம். பெரிய சிஸ்டர் இருந்திருந்தால் அன்று ஜன்னல் கம்பி விவகாரத்தில் திருகியது போல உன் காதைத் திருகியிருப்பார்.

எங்கிருந்து பிடித்தாய் என்று தெரியும். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மறுநாள், அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ரைஸ்வில் என்ற சின்ன ஊரில் ஜேன் எலியட் டீச்சர் மூன்றாம் வகுப்பை நீலக்கண், பழுப்புக்கண் என்று பிரித்தார். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். நிறத்துக்காக ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் காட்டினார். உன் வகுப்பு அப்படியா? மணி அடித்ததும் மற்றவன் எழுந்து விளையாடப் போய்விடுவான். நிஜமாகவே சாதியால் ஒதுக்கப்படுகிறவன் அந்த டம்ளரோடுதான் வீட்டுக்குப் போவான்.

சாதி வெறியில் ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு நீ எவ்வளவு மனசு விட்டுப் போயிருந்தாய் என்று எனக்குத் தெரியும். சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்று நீதிபதி சந்துரு 2024-இல் அறிக்கை கொடுப்பதற்கு முன்பே நீ கயிறுகளை வாங்கி மேசையில் பூட்டிவிட்டாய். அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது. ஆனால் பூட்டிய பிறகு என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதில்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

இங்கே எட்டாவதில் அம்பேத்கரின் மகாத் குளத்துப் போராட்டம் எடுத்தேன். ஒரு பீரியடில் முடிக்க வேண்டியது, முடியவில்லை. பொதுக்குளம் எல்லாருக்கும் உண்டு என்று பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது 1923. மகாத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக எழுதிவைத்தது 1924. அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20. "திறந்தாச்சுன்னா ஏன் மிஸ் மூணு வருசம் யாரும் போகல?" என்றாள் ஒருத்தி. விடியற்காலை குடத்தோடு குழாயடியில் வரிசை நிற்கிற பிள்ளை அவள். நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து ஒருவன், "போனா அடிப்பாங்கள்ல" என்றான். அடித்தார்கள்தான். குளத்துக்கு 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றித் தீட்டுக் கழித்ததையும் சொன்னேன். ஹைகோர்ட்டில் உரிமை உறுதியாக 1937 ஆயிற்று.

அதன் பிறகு பாதிக்கப்பட்டவர்கள் என்ற வார்த்தையையே நான் எடுப்பதில்லை. செய்தவர்களைச் சொல்கிறேன், அதுவும் அவர்கள் வயசுக்காரர்களை. அமெரிக்காவில் மான்ட்கோமரி பஸ்ஸில், ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாசம் முன்பே வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்த கறுப்பினப் பெண் கிளாடெட் கால்வினுக்கு 15 வயசு. வர்ஜீனியாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தார்க்காகிதக் கொட்டகையில் பாடம் நடத்துகிறார்கள் என்று 1951-இல் பள்ளிக்கூடத்தையே வெளிநடப்புச் செய்ய வைத்த பார்பரா ஜான்ஸுக்கு 16. அந்த வழக்குதான், பள்ளியில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்ற 1954 பிரவுன் தீர்ப்பில் சேர்ந்தது. இதைக் கேட்டதும் என் பிள்ளைகள் பள்ளிக் குழாய் பற்றி ஒரு மனு எழுதினார்கள் ஜெசி! "அரசியலா சொல்லிக்குடுக்கிறீங்க?" என்று பள்ளி நிர்வாகத்தில் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். குழாய் இன்னும் சொட்டவில்லை. விடப்போவதில்லை.

ஒரு பெண் மட்டும் வாயே திறக்காமல் இருந்தாள். போன லீவுக்கு நம் பக்கத்து ஊருக்குப் போன இடத்தில்தான் தான் எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மும்பையில் பிறந்த பிள்ளை. சாவித்திரிபாய், ஜோதிராவ் புலே தம்பதி நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய், தீண்டாமைக்கு ஆளான மாங்கு, மகார் சாதி மக்களின் துயரத்தை 1855-இல் கட்டுரையாக எழுதி அச்சில் வந்ததைச் சொல்லி, அப்போது முக்தாபாய்க்கு 14 வயசு என்றேன். "எட்டாவதா மிஸ்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அன்று சாயங்காலம் அந்தக் கட்டுரையை நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

உன் வகுப்பில் டம்ளர் கொடுக்கப் போகும் நாளில் இதைக் கொடு. நான் தமிழில் எழுதிவைத்த பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். யார் வாசிப்பது என்று நீ கை காட்டாதே, கேட்டு வாங்கி வாசிக்கட்டும். எப்படியானாலும் திங்கட்கிழமைக்குள் போன் போடு.

அன்புடன்,
உன் சகாயம்