மேப்பிள் மரத்தடியில் ஹோஸ்டா: சுமதி அக்காவுக்கு

அன்புள்ள சுமதி அக்கா,

ரொறன்ரோ ஸ்காபரோ வீட்டின் பின்வளவில், புல்லே பிடிக்காத அந்த நோர்வே மேப்பிள் மரத்தடியில் என்ன நடலாம் என்று கேட்டிருந்தீர்கள். நிழலில் இலையழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டா செடி நடுங்கள். ஆனால் அந்த இடத்தில் செடியை வாட்டுவது நிழல் இல்லை, தாகம். மேப்பிளின் வேர் மேல்மண்ணிலேயே பின்னிப் படர்ந்து கிடந்து தண்ணீரை முதலில் குடித்துவிடும். சின்ன மழையை இலைகளே மறித்துவிடும்.

அடிமரத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நடுங்கள். தோண்டும்போது பெருவிரலைவிட மொத்தமான வேர் வந்தால் வெட்டாமல் குழியை அரை அடி நகர்த்துங்கள். வாங்கிய சாடியின் இரு மடங்கு அகலம், ஓரடி ஆழம் போதும். எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கொம்போஸ்ட் கலந்து, சாடியில் இருந்த அதே மட்டத்தில் செடியை வையுங்கள். ஆழப் புதைத்தால் குருத்து அழுகும். மரத்தடி முழுக்கப் புது மண் கொட்டி உயர்த்த வேண்டாம். மரத்துக்கும் கேடு, சில வருடங்களில் அதன் வேர் அந்த மண்ணுக்குள்ளும் ஏறிவிடும்.

கிழமைக்கு ஓர் அங்குலத் தண்ணீர் வேண்டும். வெறும் மீன் ரின் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் அளவு தெரியும். யூலை, ஓகஸ்ட்டில் மேப்பிளின் கீழ் அதுவும் காணாது. காலையில், இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மரப்பட்டைத் தூள் பரப்பலாம். குருத்தை மட்டும் மூடாதீர்கள், வயல் எலி அதற்குள் ஒளிந்திருந்து குளிர்காலத்தில் கிழங்கைத் தின்னும்.

எந்த வகை என்பதை வெளிச்சம்தான் முடிவு செய்யும். 'ஹல்சியன்' போன்ற நீல வகைகளின் இலையைப் பெருவிரலால் ஒருதரம் தேய்த்துப் பாருங்கள். நீலம் கையோடு வந்து பச்சை தெரியும். அது மெழுகுப் பூச்சு. வெயிலில் உருகினால் அந்த இலைக்குத் திரும்ப வராது, ஆகவே நிழல் கூடிய இடம் அவைக்கு. 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' போன்ற மஞ்சள் வகைக்கு இரண்டு மூன்று மணிநேரக் காலை வெயில் கிடைத்தால்தான் நிறம் எடுக்கும். வெள்ளைக் கரை வைத்த 'பேட்ரியட்' பின்நேர வெயிலில் கரை கருகும். பூவில் வாசம் வேண்டுமென்றால் சீனத்து ஹோஸ்டா வகையான பிளான்டஜினியா. வெயில் கொஞ்சம் படும் வாசலோரம் வையுங்கள்.

இலை நரம்புகளுக்கு இடையில் ஓட்டை விழுந்தால் ஓடில்லாத நத்தையின் வேலை. ஏப்ரல் கடைசியில் முளை தலைகாட்டும்போதே நத்தையைக் கொல்லும் இரும்புப் பொஸ்பேற் குறுணை தூவுங்கள். முட்டைக்கோது, கோப்பித் தூளை நம்பி இருக்காதீர்கள். உப்புப் போட்டால் செடியும் போய்விடும். இலை முழுக்கப் போய்த் தண்டு மட்டும் நின்றால் மான் வந்திருக்கிறது. விரட்டும் தெளிப்பு மருந்தை மழைக்குப் பிறகு திரும்ப அடிக்க வேண்டும். நாய் இருந்தால் கவனம், ஹோஸ்டாவைத் தின்றால் வாந்தி எடுக்கும்.

இவற்றைவிடப் பொல்லாதது 'ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்' என்ற நோய். நரம்பு வழியே மை ஊறியது போன்ற கரும்பச்சைக் கோடு, சுருங்கித் தடித்த திட்டு: கடையில் இப்படி எதைக் கண்டாலும், எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதீர்கள். மருந்து இல்லை. சாறு பட்ட கத்தியே அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். வந்துவிட்டால் வேரோடு கிளப்பிக் குப்பையில் போடுங்கள், கொம்போஸ்டில் வேண்டாம். வளர்ந்த செடிகளைத் துண்டுகளாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தியை ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் ஊறவையுங்கள்.

பிரிக்க அவசரமும் இல்லை. ஹோஸ்டா முழு அளவு எடுக்க ஐந்தாறு வருடம் செல்லும். வருடா வருடம் வெட்டினால் இலை சின்னதாகவே நிற்கும். பிரிப்பதென்றால் முளை வரும் வசந்தத்தில், துண்டுக்கு இரண்டு மூன்று முளை இருக்கிறமாதிரி.

மேப்பிளின் வேர் குழி தோண்டவே விடாத இடத்தில் ஹோஸ்டாவைப் பெரிய சாடியில் வைத்து, குளிர்காலத்தில் சூடேற்றாத கராஜுக்குள் தள்ளிவிடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம். யப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி இது. சில கிழமைகள் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே உறங்காவிட்டால் வருடம் போகப் போக நலிந்துவிடும். அதனால் அந்தக் குளிர் இல்லாத நம் ஊருக்கு ஒரு கிழங்கு கொண்டுபோகும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

மே நடுப்பகுதி வரை இரவில் உறைபனி வரலாம். இலை விரிந்துவிட்டால் அந்த இரவுகளில் வாளியோ பழைய படுக்கைவிரிப்போ போட்டு மூடி, காலையில் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தம்பி