பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மலசலகூடம் திறந்திருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெப்பமான கச்சான் காற்று அடிக்கும் இந்த மாதங்களில்கூட, மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலைகள் பலவற்றில் பெண் பிள்ளைகள் காலையில் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். தாய்மாருக்குக் காரணம் தெரியும். குடித்தால் சலம் வரும். போவதற்குக் கொளுக்கியும் தண்ணீரும் உள்ள மலசலகூடம் இல்லை. பாடசாலை விடும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். நான் உயர்தர உயிரியல் கற்பித்த காலமெல்லாம் இதைக் கண்டேன். நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று அதே பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் நின்றதையும் கண்டேன்.

சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈ.கோலி என்ற குடல் பற்றீரியாவே காரணம். அதன் உடலெங்கும் மிக நுண்ணிய புரத இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் இழையில் ஏறத்தாழ ஆயிரம் புரதத் துண்டுகள் சுருளாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒட்டும் வேலை நுனியிலுள்ள ஃபிம்-எச் என்ற ஒரே புரதத்துடையது. சிறுநீர்ப்பையின் உட்சுவர்க் கலங்களில் மனோஸ் என்ற வெல்லம், அதாவது ஒரு சீனி வகை, உண்டு. ஃபிம்-எச்சிலுள்ள சிறு குழி அதைப் பற்றிக்கொள்கிறது.

சலம் பாயும்போது கழுவப்பட்டுப் போகாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஃபிம்-எச் இரண்டு பகுதிகளால் ஆனது. பாய்ச்சல் இழுக்கும்போது அவை ஒன்றைவிட்டொன்று விலக, குழி மனோஸை இன்னும் இறுக்குகிறது. சுருக்குக் கயிறு இழுக்க இழுக்க இறுகுமே, அப்படி. இழையின் சுருளும் விரிந்து இழுவையைத் தாங்கும். பாய்ச்சல் நின்றதும் பிடி தளரும், பற்றீரியா அடுத்த இடத்துக்கு நகரும். பாய்ச்சலில் பிடி பலப்படுவதை 2002இல் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். எத்தனை தடவை கற்பித்தாலும் எனக்கு வியப்புக் குறையாத பாடம் இது.

சரி, அப்படியானால் தண்ணீர் குடித்து என்ன பயன்? நமது சிறுநீரகம் யூரோமொடியூலின் என்ற புரதத்தைச் சலத்தில் விடுகிறது. அதிலும் மனோஸ் உண்டு. சுவரை அடையுமுன் பற்றீரியா அதைப் பற்றிவிட்டால் சலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் சலம் கழிந்தால்தானே! அடக்கிவைத்த பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு வீணாகிறது. பற்றீரியா உள்ளேயே நின்று பெருகுகிறது.

அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களைக் கொண்ட ஆய்வொன்று 2018இல் வெளியானது. நாளுக்கு ஒன்றரை லீற்றர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 தடவை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை.

வலயக் கல்விப் பணிமனைகளை நான் கேட்பது பெரிய செலவல்ல. பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு உட்கொளுக்கியும் தண்ணீரும் மூடியுள்ள குப்பைவாளியும் வேண்டும். பாடவேளையிலும் அது திறந்திருக்க வேண்டும்; திறப்பு அலுவலகத்தில் தொங்கக்கூடாது. பாடத்தின் நடுவில் அனுமதி கேட்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் மறிக்க வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒன்று. நீர்க்கடுப்போடு காய்ச்சலோ விலாநோவோ வந்தால் கடையில் குளிசை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். சில ஈ.கோலி வகைகளிடம், சிறுநீரகக் கலங்களிலுள்ள வேறொரு வெல்ல அமைப்பைப் பற்றும் இழைநுனியும் இருக்கிறது; அதனால் தொற்று சிறுநீரகத்தையும் பிடிக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய்ச் சலத்தைப் பரிசோதியுங்கள்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.