முதலாம் நரம்பை யாரும் விசாரிப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தலைக்கவசம் பற்றித் தாங்கள் அண்மையில் எழுதிய தலையங்கத்தை வாசித்தேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருப்பவரும் அணிய வேண்டும், தாடைப் பட்டியைப் பூட்ட வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தீர்கள். அதில் ஒரு வரியையும் மறுக்கமாட்டேன். பட்டியைப் பூட்டிக்கொண்டு பின்னால் இருந்ததால்தான் இதை எழுத நான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் மண்டை உடையாமல், மணம் அறியும் உணர்வை மட்டும் இழந்து வீடு திரும்புகிறவர்களைப் பற்றி நீங்களும் எழுதவில்லை, வேறு யாரும் எழுதுவதில்லை.

நான் திருகோணமலை உப்புவெளியில் ஒரு சிறிய சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். நிலாவெளியில் ஒரு கலியாண வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு இரவில் கணவரோடு திரும்பி வரும்போது மாடு குறுக்கே வந்தது. (எங்கள் பகுதியில் இரவு முழுவதும் தார் வீதியில் படுத்திருக்கும் மாடுகளைப் பற்றியும், அவற்றின் சொந்தக்காரர்களைப் பற்றியும் தனியாக ஒரு கடிதம் எழுதத்தான் வேண்டும்.) கணவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. நான் பின்மண்டை அடிபட மல்லாந்து விழுந்தேன்.

வைத்தியசாலையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே என்னை நன்றாகவே கவனித்தார்கள். சி.டி. ஸ்கானில் எலும்பு முறிவோ இரத்தக் கசிவோ இல்லை. இளம் வைத்தியர் ஒருவர் வந்து எழுத்துகளை வாசிக்கச் சொன்னார், கண்ணில் டோர்ச் அடித்தார், தன் விரலைக் கண்ணால் தொடரச் சொன்னார். பஞ்சால் முகத்தைத் தடவி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். பல்லைக் காட்டு, கன்னத்தை ஊது, ‘ஆ’ சொல்லு, தோளை உயர்த்து, நாக்கை நீட்டு என்று வரிசையாகச் செய்வித்தார். காதருகே விரலை உரசிப் பார்த்தார். எல்லாம் சரி என்று எழுதி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் நுழைந்த அன்றுதான் விளங்கியது. வெந்தயமும் ரம்பையும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரிகின்றன, கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது. மூக்குக்கு எதுவுமே இல்லை.

என் தங்கையின் மகள் மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கிறாள். தொலைபேசியில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “பெரியம்மா, அவர்கள் சோதித்தது இரண்டாம் நரம்பிலிருந்து பன்னிரண்டாம் நரம்பு வரை. முதலாவதை விட்டுவிட்டார்கள்” என்றாள். மூளையோடு நேரே தொடர்புபட்ட மண்டையோட்டு நரம்புகள் பன்னிரண்டு சோடி. 1778இல் சாமுவேல் தோமஸ் சொமரிங் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் அவற்றை அப்படி வகுத்தார். மூளையின் முன்பக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணும் அந்த வரிசையில், மணத்தை மூளைக்குக் கொண்டுபோகும் முகர் நரம்புக்கே முதல் இடம். வரிசையில் முதலாவதாக நிற்பது பரிசோதனையில் கடைசியாகக்கூட வருவதில்லை. இது எங்கள் ஊரின் குறை மட்டுமல்ல, பல நாடுகளிலும் வைத்தியர்கள் அவசரத்தில் தாண்டிப்போகும் நரம்பு இதுதான் என்று அவள் சொன்னாள்.

அடிபட்டது பின்மண்டையில், போனது மூக்கு. இது எப்படி என்று பலர் என்னிடம் கேட்டார்கள். சிலர் நாவூறு என்றார்கள். ஒருவர் நூல் கட்டச் சொன்னார். விடயம் இதுதான். மூக்கின் உச்சியில் மணத்தை அறியும் கலங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து புறப்படும் மெல்லிய நார்க்கற்றைகள், இரு பக்கமும் இருபது அளவில், மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் சல்லடை போன்ற எலும்பின் துளைகளுக்குள்ளால் மேலேறி, மூளையின் முன்பகுதிக்கு அடியில் இருக்கும் முகர் குமிழைச் சேர்கின்றன. மூளையோ மண்டைக்குள் இறுகப் பொருத்தப்பட்ட பொருள் அல்ல. தன்னைச் சூழ்ந்த நீரில் மிதப்பது. மண்டை தரையில் மோதி நிற்கிற கணத்தில் மூளை நிற்பதில்லை, ஒருமுறை அசைந்துதான் நிற்கும். மரவள்ளியை வெடுக்கென்று பிடுங்கினால் சல்லிவேர்கள் அறுவதுபோல, சல்லடைத் துளைக்குள் இருக்கும் அந்த நார்கள் அறுந்துவிடுகின்றன. பின்மண்டையில் விழும் அடிக்குத்தான் இந்த ஆபத்து அதிகமாம். நார் அறுந்தது சி.டி. ஸ்கானில் தெரியாது. தலைக்கவசம் எலும்பைக் காக்கும், அசைவைக் குறைக்கும், முற்றாக நிறுத்திவிடாது. இதைக் காரணம் காட்டித் தலைக்கவசத்தைக் கழற்றிவைக்க நினைப்பவர் என் கடிதத்தை வாசிக்காமல் இருப்பதே நல்லது.

சமைப்பவளுக்கு இதனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். மீன் குழம்பை வாயில் வைத்தால் உப்புத் தெரிகிறது, புளி தெரிகிறது. அவை நாக்கின் வேலை. முன்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கை ஏழாம் நரம்பும் பின்பக்கத்தை ஒன்பதாம் நரம்பும் பார்த்துக்கொள்கின்றன. மிளகாய் உறைக்கிறது. அது சுவையே அல்ல, எரிவு. முகத்தின் தொடு உணர்ச்சியைச் சுமக்கும் ஐந்தாம் நரம்பு அதைக் கொண்டுபோகிறது. ஆனால் அது பாரையா சூடையா, தேங்காய்ப்பால் இன்று பிழிந்ததா, சீரகம் கருகிவிட்டதா என்பதை நாக்கு ஒருபோதும் சொன்னதில்லை. மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் ஆவிதான் அவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது கடையில் என்னோடு வேலை செய்யும் பிள்ளையிடம் சட்டியை நீட்டி, “மணந்து பார், மகள்” என்கிறேன். அவள் சரி என்றால்தான் இறக்குகிறேன். சந்தையில் மீனின் செவுளையும் கண்ணையும் பார்த்து வாங்குகிறேன். வாங்கிவிடலாம். நேற்று மிஞ்சிய சொதி பழுதாகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது.

அதைவிடப் பெரிய பயம் எரிவாயு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமே இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றமுள்ள பொருளொன்றை அதில் கலக்கிறார்கள். 2021இன் கடைசி மாதங்களில் நாட்டில் அடுத்தடுத்து எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது, மூக்கை நம்பித்தானே எல்லோரும் குசினிக்குள் போனோம்? அந்தக் காவல் என் வீட்டில் இப்போது இல்லை. அடுப்பை வாசலோரம் மாற்றிவிட்டோம். சிலிண்டரை இரவில் கணவர்தான் பூட்டுகிறார்.

கோணேசர் கோயிலில் ஒருநாள் கற்பூரம் மூக்கில் சுருக்கென்று ஏறியது. மணம் திரும்பிவிட்டது என்று நினைத்து அழுதேவிட்டேன். பெறாமகள் அதையும் ஐந்தாம் நரம்பின் கணக்கில் எழுதிவிட்டாள். ஆகவே யாராவது தலையில் அடிபட்டவரைச் சோதிப்பதாக இருந்தால் தைலம், கற்பூரம், அமோனியா எதையும் நீட்ட வேண்டாம். மணம் தெரியாதவரும் தெரிகிறவர்போல் பதில் சொல்வார். கோப்பித் தூளும் சவர்க்காரமும் போதும். கண்ணை மூடி, ஒரு மூக்குத் துளையை அடைத்து, மற்றதில் பிடிக்க வேண்டும். பிறகு மாற்றிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் அவருக்கே தெரியாமல் இருக்கும்.

இதற்கு மருந்து இருக்கிறதா என்றால், உறுதியாகக் குணமாக்கும் மாத்திரை இல்லை. மூக்கிலுள்ள மணக் கலங்கள் இறக்க இறக்கப் புதிதாக உண்டாகின்றன என்பதால் சிலருக்குத் திரும்புகிறது. சல்லடைத் துளைகளில் தழும்பு விழுந்து வழி அடைபட்டவர்களுக்குத் திரும்புவதில்லை. முதல் ஆண்டு கடந்தால் வாய்ப்புக் குறைகிறது. 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தோமஸ் ஹும்மல் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். ரோசா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, பன்னிரண்டு வாரம் முகர வேண்டும். நான் கராம்பும் தேசிக்காய்த் தோலும் வைத்துச் செய்கிறேன். மற்ற இரண்டையும் பெறாமகள் போத்தலில் அனுப்பினாள். கராம்பில் சில நாட்களாக ஏதோ ஒன்று தெரிகிறது. கராம்பு என்று சொல்லமாட்டேன்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. தலையில் அடிபட்டு வருபவரை வீட்டுக்கு அனுப்பும்போது “மணம் தெரிகிறதா?” என்று ஒரு கேள்வி கேட்கட்டும். தெரியவில்லை என்றால் எரிவாயு, பழுதான உணவு, புகை பற்றி வீட்டாரிடம் சொல்லி அனுப்பட்டும். வாசகர்களுக்கும் ஒன்று. அடிபட்ட பிறகு மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகினால் தடிமன் என்று இருந்துவிடாதீர்கள். அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். மூக்கைச் சிந்தாமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் தயவுசெய்து பெண்கள் பக்கத்திலோ சமையல் பக்கத்திலோ போடாதீர்கள். விபத்துச் செய்திகள் வரும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
சாப்பாட்டுக்கடை நடத்தும் ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.