தத்தார் என்று யாரைச் சொல்கிறாய்?

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நீ போனில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போட மனம் வரவில்லை, உட்கார்ந்தே எழுதுகிறேன்.

"தத்தார்னா மங்கோலியர்தானேம்மா, செங்கிஸ்கான் ஆளுங்க?" என்று கேட்டாய். சீனியர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாய். அதையே வார்டில் ஒரு பாட்டியிடம் சொல்லப்போக, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் சொன்னாய். ரஷ்யாவில் தத்தார்ஸ்தான் குடியரசின் தலைநகரான கசானில் ஐந்தாறு வருஷம் இருக்கப்போகிறவள் நீ. அந்த ஊர்க்காரர்களின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழைய துருக்கிய மொழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதில் 732இல் எழுப்பிய குல் தெகின் என்ற துருக்கிய இளவரசரின் கல்வெட்டில் 'முப்பது தத்தார்' என்று ஒரு கூட்டத்தார் வருகிறார்கள். எழுத்தில் இந்தப் பெயர் கிடைக்கிற மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. அந்தத் தத்தார்கள் செங்கிஸ்கானின் ஆட்களே இல்லை, ஜென்மப் பகையாளிகள். அவருடைய அப்பா யெசுகேயைத் தத்தார்கள்தான் விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று மங்கோலியரின் பழைய வரலாறு சொல்கிறது. 1202இல் செங்கிஸ்கான் அவர்களை ஏறக்குறைய அடியோடு அழித்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. தோற்றவர்களின் பெயர் ஜெயித்தவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. மங்கோலியப் படை போன இடமெல்லாம், ரஷ்யாவிலும் பாரசீகத்திலும் ஐரோப்பாவிலும், வந்தவர்களைத் தத்தார் என்றே சொன்னார்கள்.

ஐரோப்பியர் நடுவே ஒரு 'ர்' வேறு சேர்த்து 'டார்ட்டர்' ஆக்கினார்கள். கிரேக்கப் புராணத்தில் டார்ட்டரஸ் என்பது பாதாள நரகம். நரகத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள் என்ற பயம் அந்த எழுத்தில் இருக்கிறது. பிறகு காஸ்பியன் கடலிலிருந்து பசிபிக் வரை தங்களுக்குச் சரியாகத் தெரியாத நிலம் முழுவதையும் 'டார்ட்டரி' என்று வரைபடத்தில் எழுதிவைத்தார்கள். சகாலின் தீவுக்கும் ஆசிய நிலத்துக்கும் நடுவே இன்னும் தத்தார் நீரிணை இருக்கிறது, அட்லஸில் பார். சீனாவை ஆண்ட மஞ்சூக்களும் அவர்களுக்கு டார்ட்டர்தான். பெய்ஜிங்கின் உள்நகரத்தை 'டார்ட்டர் நகரம்' என்றார்கள். ரஷ்ய அதிகாரிகள் அஜர்பைஜானியரை 'காகசஸ் தத்தார்' என்று எழுதினார்கள், 20ஆம் நூற்றாண்டிலும் கொஞ்ச காலம் அது ஓடியது. துருக்கியில் உஸ்மானிய சுல்தான்களின் கடிதம் சுமந்து குதிரையில் பறந்த தூதர்களுக்கும் 'தத்தார்' என்றுதான் பெயர். அது இனமே இல்லை, உத்தியோகம்.

ஒன்றை மட்டும் தனியாக வைத்துக்கொள். பல்லில் படிகிற காரையையும் ஆங்கிலத்தில் டார்ட்டர் என்பார்கள், படித்திருப்பாய். அதற்கும் இந்த மக்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திராட்சை ரசப் பீப்பாயின் அடியில் படிகிற உப்புக்கு லத்தீனில் இருந்த பெயர் அது. நம் புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலமும் அந்த வழிதான்.

சரி, கசானுக்கு வருகிறேன். மங்கோலியர் வருவதற்கு வெகு முன்பே வோல்கா கரையில் பல்கார்கள் என்ற துருக்கிய மொழி பேசிய மக்கள் நகரம் கட்டி, வியாபாரம் செய்து வாழ்ந்தார்கள். 922இல் பாக்தாத் கலீஃபாவின் தூதுக்குழு அங்கே வந்தது. இஸ்லாத்தை அவர்கள் முறைப்படி ஏற்ற வருஷமாக அதைத்தான் கொள்கிறார்கள். 1236இல் மங்கோலியப் படை அந்த நாட்டை எரித்தது. அந்தப் பாட்டியின் முன்னோர்களில் ஒரு பகுதியினர், நீ சொன்ன செங்கிஸ்கான் வம்சத்திடம் அடி வாங்கியவர்கள் என்பது இப்போது புரிகிறதா? அப்புறம் அந்த மண் மங்கோலிய வம்சத்தார் ஆண்ட தங்கக் கூடாரப் பேரரசுக்குள் போயிற்று, அங்கிருந்த, துருக்கிய மொழி பேசிய கிப்சாக் மக்களும் கலந்தார்கள், 15ஆம் நூற்றாண்டில் கான் மன்னர்கள் ஆண்ட கசான் தனி அரசாக எழுந்தது, 1552இல் ரஷ்ய மன்னர் நான்காம் இவான் அதைப் பிடித்தார். நாங்கள் பல்கார் வழியா, தங்கக் கூடாரத்தின் வழியா என்று கசான் தத்தார்களுக்குள்ளேயே இன்றும் வாதம் உண்டு. அதில் வெளியூர்ப் பிள்ளை நீ தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ரஷ்யர்களுக்கு அவர்கள் தத்தார். அவர்களோ வெகு காலம் தங்களை முஸ்லிம் என்றார்கள், கசான்காரர் என்றார்கள், பல்கார் என்றார்கள். தத்தார் என்ற பெயர் கூச்சமாக இருந்தது. இருக்காதா? ரஷ்யப் பள்ளிப் புத்தகத்தில் மங்கோலியருக்கு ரஷ்யா அடங்கிக் கிடந்த காலத்தைப் பற்றி 'தத்தார் நுகத்தடி' என்று ஓர் அத்தியாயம், பேச்சில் 'அழைக்காமல் வந்த விருந்தாளி தத்தாரை விட மோசம்' என்று ஒரு பழமொழி. அந்தப் பழமொழி விளையாட்டுக்குக்கூட உன் வாயில் வரக் கூடாது, கயல்.

இந்தக் கூச்சத்தை எதிர்த்து எழுதியவர் ஷிகாபுத்தீன் மர்ஜானி. கசானின் இமாம், வரலாற்று ஆசிரியர், 1889இல் காலமானவர். தத்தார் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு 'நாங்கள் முஸ்லிம்' என்று மட்டும் சொன்னவர்களை அவர் நேராகவே கேட்டார்: நீங்கள் அரபும் இல்லை, ரஷ்யரும் இல்லை, தத்தாரும் இல்லையென்றால் பின்னே யார்? பிறர் வசைபோலச் சொன்ன பெயரைத் தலை நிமிர்ந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். இந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. கபான் ஏரிக்கரையில் அவர் இமாமாக இருந்த மசூதி இருக்கிறது. பேரரசி கேத்தரின் அனுமதி கொடுத்து 1770இல் கட்டி முடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வா.

கருங்கடலில் இருக்கிற கிரிமியத் தீபகற்பத்தின் தத்தார்களை இவர்களோடு சேர்த்து எண்ணாதே. அவர்கள் தனி மக்கள், தனி மொழி, தனித் துயரம். 1944 மே 18 அன்று ஸ்டாலினின் ஆட்கள் வீடு வீடாகத் தட்டி எழுப்பி, மூட்டை கட்டச் சில நிமிஷம் கொடுத்து, சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். ஏறக்குறைய 1,90,000 பேர், பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு. வழியிலும் போன இடத்திலும் பசியாலும் நோயாலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். போரில் ஜெர்மானியருக்குத் துணைபோனார்கள் என்று அவர்கள் மேல் போட்டிருந்த துரோகப் பழியை 1967இல் அரசு நீக்கியது. ஆனால் ஆணையில் எப்படி எழுதினார்கள் தெரியுமா? 'முன்பு கிரிமியாவில் வசித்த தத்தார் இனக் குடிமக்கள்.' கிரிமியத் தத்தார் என்றால் ஊர் அவர்களுடையது என்றாகிவிடும், திரும்பி வருவோம் என்பார்கள். வெறும் தத்தார் என்றால் எங்கே வைத்தாலும் ஒன்றுதான். ஒரு பெயரைப் பாதியாக வெட்டி ஒரு மண்ணையே பிடுங்க முடியும் என்பதற்கு இதைவிட எனக்குச் சாட்சி வேண்டாம். 1980களின் கடைசியில்தான் அவர்கள் கூட்டமாகத் திரும்பினார்கள். அவர்களில் பலர் இப்போது தங்களைக் 'கிரிம்லி' என்றே சொல்கிறார்கள்.

இன்னும் இருக்கிறார்கள். போலந்திலும் லித்துவேனியாவிலும் 600 வருஷமாக வாழ்கிற லிப்கா தத்தார்கள், சைபீரியத் தத்தார்கள், சீனா அங்கீகரித்த 56 இனங்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்றான தத்தார். உன் பக்கத்திலேயே கிறிஸ்தவர்களான கிரியாஷென்கள் உண்டு. அவர்களில் பலர் 'நாங்கள் தத்தார் இல்லை, தனி மக்கள்' என்கிறார்கள். ஆகவே யாரையும் பார்த்தவுடன் முடிவு கட்டாதே. 'நீங்கள் உங்களை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேள். வயதான பெண்களை 'அபி' என்று கூப்பிடு, பாட்டி என்று அர்த்தம். நன்றிக்கு 'ரஹ்மத்'.

மொழிக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கு. தத்தார் மொழியை நூற்றாண்டுகளாக அரபு எழுத்தில் எழுதினார்கள். 1927இல் லத்தீன் எழுத்து, 1939இல் ரஷ்ய மொழியை எழுதுகிற சிரிலிக். பன்னிரண்டே வருஷத்தில் இரண்டு முறை மாறினால், தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் வாசிக்க முடியாது. 1999இல் தத்தார்ஸ்தான் லத்தீனுக்குத் திரும்பச் சட்டம் போட்டது, 2002இல் மாஸ்கோ சிரிலிக் மட்டும்தான் என்று தடுத்தது. 2017இலிருந்து அங்கே பள்ளியில் தத்தார் கட்டாயப் பாடமும் இல்லை.

மெட்ரோவில் அறிவிப்பு ரஷ்ய மொழியிலும் தத்தாரிலும் வரும், காது கொடுத்துக் கேள். பெயர்ப் பலகைகளையும் பார். தத்தாரில் ரஷ்ய மொழியில் இல்லாத ஆறு எழுத்துகள் கூடுதலாக உண்டு. அதில் ஒன்று தலைகீழாகத் திருப்பிய ஆங்கில சின்ன 'இ' மாதிரி இருக்கும். அந்த எழுத்து பலகையில் இருந்தால் அது தத்தார் மொழி. தத்தார் கவிஞர் கப்துல்லா துகாயின் சிறுவர் கவிதைப் புத்தகம் ஒன்று படங்களோடு கிடைத்தால் வாங்கு. கம்பளிக் காலுறையை மறக்காமல் போடு. ஸ்காலர்ஷிப் படிவத்தை அப்பா கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார், மெயிலைப் பார்.

அன்புடன்,
அம்மா